"கஷ்ட காலம் பலசாலிகளை உருவாக்கும்": இப்னு கல்தூன் இதை எங்கே சொன்னார்?

தெருக்கோடி (இழையைத் தொடங்கியவர்)

இந்தப் படம் உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். தாடி வைத்த பெரியவர், பின்னால் பாலைவனம், கீழே நாலு வரி. கஷ்ட காலம் பலசாலிகளை உருவாக்கும். பலசாலிகள் நல்ல காலத்தைக் கொண்டுவருவார்கள். நல்ல காலம் சோதாக்களை உருவாக்கும். சோதாக்கள் மறுபடி கஷ்ட காலத்தைக் கொண்டுவருவார்கள். அடியில் "இப்னு கல்தூன், 14ஆம் நூற்றாண்டு". போன வாரம் என் மாமா இதை அனுப்பி "இந்தக் காலத்துப் பசங்களுக்கு" என்று ஒரு வாலும் ஒட்டியிருந்தார். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவன் குழுவில் நான் ஒருவன்தான். ஆக, யாருக்கு என்பதில் சந்தேகமில்லை.

கையில் நேரம் இருக்கிறதே என்று, இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலுக்கு முன்னுரையாக எழுதிய 'முகத்திமா'வின் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த நாலு வரி அதில் இல்லை. தேடிப் பார்த்தால், அது 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலில் உள்ள வாசகமாம். ஆனால் அதற்குத் தூரத்துச் சொந்தம் போல ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஓர் அரசகுலத்தின் ஆயுள் பொதுவாக மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 40 ஆண்டு, மொத்தம் 120. ஏன் 40? இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்த கணக்கு. எகிப்தில் அடிமையாகக் கிடந்தவர்கள் செத்துத் தீர்ந்து, அடிமைத்தனமே தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்து வர அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்கிறார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

இப்போது கேள்வி. ஃபார்வர்ட் பொய் என்றாலும் சாரம் சரிதானா? இரண்டாவது, 1377இல் எழுதிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்றைய அரசியலைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிலாமுற்றம்

சாரமும் தப்பு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு வரி தனி மனிதர்களின் உடல்வலுவையும் மனவலுவையும் பற்றியது. மாமாக்களுக்கு அது பிடிக்கக் காரணமும் அதுதான். இப்னு கல்தூன் பேசுவது கூட்டத்தைப் பற்றி. அவருடைய சாவிச்சொல் 'அஸபிய்யா'. ஒருவனுக்காக இன்னொருவன் உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒட்டுதல். பாலைவனத்திலும் மலையிலும் மதிலோ காவல்படையோ கிடையாது. பங்காளிதான் மதில். அங்கே ஒட்டுதல் இல்லாத கூட்டம் பிழைக்காது. அப்படிப்பட்ட ஒரு கூட்டம் நகரத்தைப் பிடிக்கிறது, அரசாகிறது.

அதன் பிறகுதான் அவர் சொல்வதில் சுவை. அரசனானவன் பெருமையைப் பங்கு போட விரும்புவதில்லை. கூட வந்து சண்டை போட்ட அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன் எல்லாரும் "நானும் உனக்குச் சமம்" என்று நினைப்பவர்கள். ஆகவே அவர்கள்தான் அவனுக்கு முதல் ஆபத்து. அவர்களை ஓரங்கட்டிவிட்டு, தன் சம்பளத்தில் பிழைக்கும் வெளியாட்களைச் சுற்றி வைத்துக்கொள்கிறான். கூலிப்படைக்குச் செலவு அதிகம், வரியை ஏற்றுகிறான். எந்த ஒட்டுதலால் மேலே வந்தானோ அதைத் தன் கையாலேயே அறுக்கிறான். சொகுசு ஒரு காரணம்தான், ஆனால் முழுக்காரணம் அது இல்லை. மூன்றாம் தலைமுறை மெத்தையில் படுத்ததால் மட்டும் கோட்டை விழவில்லை. அதிகாரத்தை ஒரே கையில் சேர்க்கும் வேலையே அஸ்திவாரத்தைத் தோண்டும் வேலையாகவும் இருக்கிறது. உங்கள் மாமாவின் படத்தில் இது எங்கே?

இதை அவர் அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. 1332இல் துனிஸில் பிறந்தார். பதினாறு பதினேழு வயதில் கொள்ளைநோய் வந்து அப்பா, அம்மா, பாடம் சொன்ன ஆசிரியர்கள் எல்லாரையும் கொண்டுபோனது. பிறகு மொராக்கோவின் ஃபெஸ் அரசவையில் எழுத்தர், அங்கேயே ஏறக்குறைய இரண்டு வருடம் சிறை. ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட கிரனாடாவில் விருந்தாளி. அங்கிருந்து 1364இல் செவில்லுக்குத் தூது. காஸ்டில் அரசன் பேத்ரோ, "உன் முன்னோர் இந்த ஊரில் விட்டுப்போன சொத்தைத் திருப்பித் தருகிறேன், இங்கேயே இரு" என்றானாம். மறுத்துவிட்டார். பிறகு பிஜாயாவில் அமைச்சர் பதவி, பாலைவனக் குடிகளிடம் ஆள் திரட்டும் வேலை, ஆட்சி மாறும்போதெல்லாம் தலை தப்பி ஓட்டம். நாற்பதைத் தாண்டிய பிறகு எல்லாம் அலுத்துப்போய், இன்றைய அல்ஜீரியாவில் கல்அத் இப்னு சலாமா என்ற கோட்டையில் ஒதுங்கினார். முகத்திமாவின் முதல் வரைவு அங்கே ஐந்தே மாதத்தில் முடிந்தது. தோற்ற அரசியல்வாதியின் புத்தகம் அது. அதனால்தான் அதில் உபதேசம் குறைவு, "இது எப்படி நடக்கிறது" என்பது அதிகம்.

---

கடற்கரைப்பள்ளி

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா சொன்னது அருமை. ஆனால் எனக்கு ஒரு நெருடல். சின்ன வயதிலிருந்து ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) 'அஸபிய்யா' என்று கேட்டாலே அது கெட்ட வார்த்தை. இனவெறி, குலவெறி. "அஸபிய்யாவின் பக்கம் அழைப்பவன் நம்மைச் சேர்ந்தவன் அல்ல" என்ற ஹதீஸ் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாலிக்கி மத்ஹபில் காஜியாக, அதாவது மார்க்கச் சட்ட நீதிபதியாக இருந்த மனிதர் இதையே அரசுக்கு உயிர் என்று எப்படிச் சொல்வார்?

---

நிலாமுற்றம்

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. இதே கேள்வியை அவரே எழுப்பி அவரே பதிலும் சொல்கிறார். மார்க்கம் கண்டித்தது, அறியாமைக் காலத்தில் இருந்தது போன்ற வீண் குலப்பெருமையை. நியாயத்துக்காக ஒன்று சேர்வதை அல்ல. கோபத்தைக் கண்டிக்கிறார்கள் என்பதால் கோபமே மனிதனுக்கு வேண்டாம் என்று ஆகிவிடுமா, அப்படியானால் அநீதியை எதிர்ப்பது யார் என்று வாதிடுகிறார். அடுத்த அடி இன்னும் பலமானது. பின்னால் ஒரு கூட்டத்தின் பலம் இல்லாமல் நல்லதைச் சொல்லக் கிளம்பிய சீர்திருத்தவாதிகள் பலர் வீணாகச் செத்தார்கள் என்கிறார். காஜி எழுதியது போலவா இருக்கிறது!

தமிழில் இதற்கு என்ன சொல் வைப்பது? 'இனப்பற்று' என்றால் பயானில் கேட்ட பொருள் வந்துவிடுகிறது. 'குழுவுணர்வு' கம்பெனிப் பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கிறது.

---

ஒற்றைப்பனை

'ஒட்டு' என்றே விட்டால் என்ன? எங்கட பக்கம் "அவங்களுக்குள்ள நல்ல ஒட்டு" எண்டு சொல்லுவம்.

---

மறுப்பாளன்

எல்லாரும் பாராட்டுவிழா நடத்துகிறீர்கள், யாராவது கல் எறிய வேண்டாமா?

ஒன்று. 120 ஆண்டுக் கணக்கு. உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) 1299 வாக்கில் தொடங்கி 1922 வரை, அறுநூறு வருஷத்துக்கு மேல். எங்கே போனது மூன்று தலைமுறை? வட கொரியாவில் கிம் குடும்பம் 1948 முதல் மூன்றாம் தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறது. பேரன் ஒன்றும் தளர்ந்த மாதிரி தெரியவில்லை.

இரண்டு. விழுந்தால் "பார்த்தாயா, ஒட்டுதல் போய்விட்டது" என்பீர்கள். விழாவிட்டால் "இன்னும் ஒட்டுதல் இருக்கிறது" என்பீர்கள். எதை வைத்து அளப்பது? எது நடந்தாலும் பொருந்தும் கோட்பாடு எங்கள் ஊர் கிளி ஜோசியம். கிளி கூண்டுக்கு வெளியே வந்து எந்தச் சீட்டை எடுத்தாலும் நமக்குப் பொருந்திவிடும்.

மூன்று. பாலைவன நாடோடி வந்து நகரத்தைப் பிடிக்கும் காலமெல்லாம் பீரங்கி வந்ததும் முடிந்தது. இப்போது மலையிலிருந்து யார் இறங்கி வரப்போகிறார்கள்?

---

வரிக்காரர்

வணக்கம். நான் தத்துவம் படித்தவனில்லை. வணிகவரி வேலையில் 31 வருஷம் குப்பை கொட்டியவன். தம்பி தெருக்கோடி தந்த தைரியத்தில் வரி அத்தியாயங்களை மட்டும் எடுத்துப் படித்தேன். மறுப்பாளன் தம்பி, அஸபிய்யாவை நீங்கள் கிளி ஜோசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரி விஷயத்தில் ஆள் கில்லாடி.

அரசு தொடங்கும்போது வரி விகிதம் சிறியது, வசூல் பெரியது. அரசு முடியும்போது விகிதம் பெரியது, வசூல் சிறியது. இந்த ஒரு வரியை வைத்துத்தான் அமெரிக்க அதிபர் ரீகன் 1981 அக்டோபர் 1 செய்தியாளர் சந்திப்பில் இவர் பெயரை இழுத்தார். தன் வரிக்குறைப்புக்கு ஆறு நூற்றாண்டு பழைய சாட்சி. பொருளாதார அறிஞர் லாஃபரும், வரி விகிதம் ஏறினால் வசூல் என்னாகும் என்று காட்டும், தன் பெயரில் வழங்கும் வளைகோடு தான் கண்டுபிடித்ததல்ல, இப்னு கல்தூனிடமே இருக்கிறது என்று எழுதினார்.

ஆனால் சில பக்கம் தள்ளி இன்னொரு அத்தியாயம் இருக்கிறது, அதை ரீகனுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும். அரசுதான் உலகத்திலேயே பெரிய சந்தை என்கிறார். அரசன் பணத்தை இறுக்கிப் பிடித்தால் அவன் ஆட்கள் கையில் காசு இல்லை, அவர்கள் கடைக்குப் போவதில்லை, கடைக்காரனுக்கு லாபம் இல்லை, கடைசியில் வரியும் குறைகிறது. பணம் குடிகளுக்கும் அரசனுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவன் அடைத்து வைத்தால் குடிகளுக்கு அது போய்விடும். அரசுச் செலவு வேண்டும் என்பவர்களும் இவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம். ரீகன் எடுத்தது பாதி. அவர் காலத்தில் அமெரிக்க அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது தனிக்கதை.

இன்னொன்று. வரி ஏன் ஏறுகிறது என்பதற்கு அவர் தரும் காரணம் பேராசை என்ற ஒற்றைச் சொல் அல்ல. அரண்மனைச் செலவும் படைச் சம்பளமும் ஏறுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். யார் ஏற்றினார், எப்போது ஏற்றினார் என்றே மறந்து, பழைய வழக்கம் போல ஆகிவிடுகிறது. ஒரு நாள் விவசாயி கணக்குப் போட்டுப் பார்க்கிறான், மிச்சம் எதுவும் இல்லை, கலப்பையைப் போட்டுவிட்டுப் போகிறான். வேலையில் இருந்த காலத்தில் ஒரு வாரச்சந்தையில் இதைக் கண்ணால் பார்த்தேன். சுங்க ஏலம் வருஷா வருஷம் ஏறியது, ஏலம் எடுத்தவர் கடைக்குக் கடை கட்டணத்தை ஏற்றினார். மூன்றாம் வருஷம் காய்க்காரிகள் எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே கூடை போட்டார்கள். உள்ளே கொட்டகை காலி. ஏலத்தொகை பேப்பரில் உச்சத்தில் இருந்தது.

அந்த ஆந்தைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாரசீக அரசன் பஹ்ராம் ஆந்தை கத்துவதைக் கேட்டு, என்ன சொல்கிறது என்று மதகுருவைக் கேட்கிறான். குரு சொல்கிறார்: ஆண் ஆந்தை கல்யாணத்துக்குக் கேட்கிறது, பெண் ஆந்தை சீராக, உங்கள் ஆட்சியில் பாழாய்ப்போன இருபது ஊர் வேண்டும் என்கிறது, "இந்த ராஜா இருந்தால் ஆயிரமே தருகிறேன்" என்கிறது ஆண். சிரித்து முடித்தேன், பிறகு பென்ஷன் பேப்பரைப் பார்க்கப் போய்விட்டேன்.

---

தெருக்கோடி

ஐயா, இழையின் சிறந்த பதிவு இதுதான். மாமாவுக்கு ஆந்தையை அனுப்பிவிட்டேன்.

---

ஒற்றைப்பனை

மறுப்பாளன் கேட்ட "இப்போது மலையிலிருந்து யார் இறங்கப்போகிறார்கள்" என்பதற்கு ஒரு பதில் இருக்கு. சிரியா.

ஹாஃபிஸ் அல் அஸத் 1970இல் அதிகாரத்தைப் பிடித்தார். அலவி என்ற சிறுபான்மைப் பிரிவின் மலைக்கிராமங்களிலிருந்து ராணுவத்தில் சேர்ந்த ஒரு கூட்டம்தான் பின்பலம். மிஷெல் சூரா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எண்பதுகளிலேயே இப்னு கல்தூனின் கண்ணாடியைப் போட்டு அந்த ஆட்சியைப் பார்த்து எழுதினார்: அரசு என்ற பெயரில் அங்கே நடப்பது ஓர் அஸபிய்யாவின் ஆட்சி எண்டு. 1985இல் பெய்ரூட்டில் கடத்தப்பட்டு, அடுத்த வருஷம் பிணையாளாகவே இறந்துபோனார்.

மகன் பஷாரின் காலத்தைப் பாருங்கோ. 2011இல் போர் தொடங்கின பிறகு தாங்கிப் பிடிச்சது யார்? ரஷ்ய விமானம், ஈரான் ஆட்கள், ஹிஸ்புல்லா. நிலாமுற்றம் சொன்ன வெளியாட்கள். வியாபாரம் முழுக்க மாமன் மகன் ராமி மக்லூஃபின் கையில் இருந்தது. 2020இல் அவரோடேயே முட்டிக்கொண்டு சொத்தை முடக்கினார்கள். சொந்த ஒட்டையே அறுத்தாச்சு. 2024 நவம்பர் 27இல் இத்லிப்பிலிருந்து கிளம்பின படை டிசம்பர் 8இல் டமாஸ்கஸில் நின்றது. பன்னிரண்டு நாள். இடையில் டிசம்பர் 4ஆம் தேதி பஷார் படையினருக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு அறிவிச்சார்! அந்த ஆணையை வாசிச்சபோது எனக்கு முகத்திமாவின் ஒரு பக்கம் மாதிரியே இருந்தது. காசுக்கு நிற்கிறவன் நிற்கமாட்டான் எண்டு தெரிஞ்சும் காசைத்தான் நீட்ட வேண்டியிருக்கு, வேறு எதுவும் கையில் மிச்சமில்லை.

முடியப்போகும் அரசு கடைசியில் ஒருமுறை திடீரென்று பலமாகத் தெரியும், அணையும் முன் திரி குதித்து எரிவதுபோல எண்டும் எழுதியிருக்கிறார். எங்கட ஆச்சிமார் சொல்லுற "அணையிற விளக்கு பிரகாசமா எரியும்"தான். பஷாரை 2023இல் அரபு லீக்கில் திரும்பச் சேர்த்து, மாநாட்டு மேடையில் கை குலுக்கினார்களே, ஞாபகம் இருக்கா?

---

மறுப்பாளன்

சிரியா நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், 54 வருஷம், இரண்டு தலைமுறை. 120 இல்லை. இத்லிப்காரர்கள் ஒட்டகத்தில் வரவில்லை, ட்ரோன் வைத்திருந்தார்கள். துருக்கியின் ஆதரவு, உக்ரைனில் சிக்கிய ரஷ்யா, லெபனானில் அடிபட்ட ஹிஸ்புல்லா. இதையெல்லாம் விட்டுவிட்டு "ஒட்டு போனது" என்றால் எப்படி?

கூடவே யாரும் தொடாத இரண்டு விஷயம். இந்த மகான் வெகு தெற்கே வாழும் கறுப்பின மக்களை விலங்குக்கு நெருக்கமானவர்கள் என்று எழுதியிருக்கிறார். "அரபுகள் கைப்பற்றிய இடம் சீக்கிரம் பாழாகும்" என்று ஓர் அத்தியாயத் தலைப்பே உண்டு. இதையெல்லாம் சட்டத்துக்குள் மாட்டி வணங்கப்போகிறோமா?

அடுத்து ஆளின் நடத்தை. ஒட்டுதலைப் பற்றி இவ்வளவு எழுதியவர் யாரோடும் ஒட்டவில்லை. துனிஸ், ஃபெஸ், கிரனாடா, பிஜாயா, கெய்ரோ. கடைசியில் மத்திய ஆசியாவிலிருந்து படையெடுத்து வந்த தைமூர்! டமாஸ்கஸ் முற்றுகையில் இருக்கும்போது மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய் எதிரியைப் பார்த்தவர். அவன் கேட்டான் என்று வட ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி ஒரு விவரணையும் எழுதிக்கொடுத்தார். அந்த நகரம் பிறகு சூறையாடப்பட்டது, உமையா பள்ளிவாசல் எரிந்தது. இது என்ன அரசியல் தத்துவம்?

---

நிலாமுற்றம்

கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியது அசிங்கம், அதற்கு வக்காலத்து இல்லை. நூஹ் நபியின் மகன் ஹாம் பெற்ற சாபத்தால்தான் தோல் கறுத்தது என்ற அக்காலத்துப் பேச்சை அவர் மறுத்தார், வெயிலும் தட்பவெப்பமும்தான் காரணம் என்றார் என்று சிலர் முட்டுக்கொடுப்பார்கள். மறுத்தது உண்மை. அதற்குப் பக்கத்திலேயே அந்த இழிவான வரிகள் இருப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

'அரபுகள்' விஷயம் வேறு. அந்த அத்தியாயங்களில் அவர் பெரும்பாலும் சொல்வது ஒட்டகம் மேய்க்கும் நாடோடிக் குடிகளை. அவருடைய வம்சமே ஏமனின் ஹள்ரமௌத்திலிருந்து வந்த அரபு வம்சம்தானே? ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தத் தலைப்பு கரும்பாக இனித்தது. "பாருங்கள், உங்கள் அறிஞரே சொல்கிறார், அரபு வந்தால் நாசம், பெர்பர் வேறு அரபு வேறு" என்று, வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பர்களைப் பிரித்துப் பேச வசதியாகப் போயிற்று. பழைய புத்தகத்தை இன்றைக்குப் பொருத்துகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும். ரீகனும் பொருத்தினார், காலனி அதிகாரியும் பொருத்தினார்.

120 ஆண்டு பற்றி: அந்தக் கணக்கில் நான் நிற்கமாட்டேன். சுவாரஸ்யம் என்னவென்றால் உஸ்மானியர்களே அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் காதிப் செலெபி, பிறகு வரலாற்றாசிரியர் நாயிமா. நாயிமா, 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் நிலத்தை இழந்து சமாதானம் செய்ததை நியாயப்படுத்த இப்னு கல்தூனைத் துணைக்கு அழைத்தார்: நம் அரசுக்கு வயதாகிவிட்டது, இப்போது சண்டை போடாமல் மூச்சு வாங்குவதுதான் வைத்தியம் என்று. நோய்க்கு மருந்தில்லை என்று எழுதியவரையே மருந்துச்சீட்டு ஆக்கிக்கொண்டார்கள். அதன் பிறகும் அந்த அரசு இருநூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. ஆகக் கணக்கு தப்பு. ஆனால் அந்தக் கணக்கைப் படித்தவர்கள் தங்கள் அரசை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர் காலத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் இன்னொரு முடிச்சு. அவர்களுக்குள் ரத்த உறவே கிடையாது. புல்வெளிகளிலிருந்து அடிமைச் சிறுவர்களை வாங்கி, பயிற்சி கொடுத்து, படையாக்கி, அதிலிருந்தே சுல்தான். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விலைக்கு வந்துகொண்டே இருக்கிறது, அதனால் தளர்வு தட்டுவதில்லை என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார். ஒட்டுதலுக்கு ரத்தம் அவசியமில்லை, கூட வளர்ந்தாலே போதும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. மறுப்பாளன், இது உங்கள் "எதை வைத்து அளப்பது" என்பதற்குப் பதிலாகாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறது: படைக்கு ஆள் எங்கிருந்து வருகிறான், யார் காசில் வாழ்கிறான், தோற்றால் அவன் எதை இழக்கிறான். பீட்டர் டர்ச்சின் போன்ற ஆய்வாளர்கள் இன்று இதை எண்களாக்கப் பார்க்கிறார்கள். வெற்றியா என்று கேட்டால், எனக்கு முழுத் திருப்தி இல்லை.

கடைசியாக, இன்றைக்கு எது பொருந்தும் என்று தெருக்கோடி கேட்டதற்கு என் வாக்கு அஸபிய்யாவுக்கு அல்ல. வரிக்காரர் ஐயா தொட்ட பகுதிக்கு அடுத்த வீட்டில் ஓர் அத்தியாயம் இருக்கிறது: அரசன் வியாபாரத்தில் இறங்கினால் குடிகளுக்குக் கேடு, வரிக்கும் கேடு. அரசன் சரக்கை மலிவாகப் பிடுங்குவான், அதிக விலைக்குத் தலையில் கட்டுவான். அவனோடு போட்டி போட எவனுக்கும் முதல் இல்லை, கடையை மூடுவார்கள். வியாபாரத்தில் அவனுக்குக் கிடைத்த லாபத்தைவிட வரியில் போனது பல மடங்கு.

இப்போது அவர் பிறந்த துனிஸுக்கே வாருங்கள். 2011 வரை துனீசிய அதிபராக இருந்த பென் அலியும் அவர் மனைவியின் குடும்பமும் இறக்குமதி, வங்கி, தொலைத்தொடர்பு என்று நுழையாத துறை இல்லை. அவர் ஓடிப்போன பிறகு 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ள 220 நிறுவனங்கள். நாட்டின் தனியார் துறை நிகர லாபத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போயிருந்தது. போட்டியாளர் நுழையாதபடி சட்டங்களே வளைக்கப்பட்டிருந்தன. 2011 ஜனவரி 14 அன்று மக்கள் திரண்டு நின்ற புர்கிபா வீதியில்தான் இப்னு கல்தூனின் சிலை இருக்கிறது. ஒட்டகம் வேண்டாம், கோட்டை வேண்டாம், 120 ஆண்டு வேண்டாம். அந்த அத்தியாயம் அப்படியே நிற்கிறது.

---

வரிக்காரர்

அம்மா, ஐந்தில் ஒரு பங்கா! அந்த அத்தியாயத்தை நான் தாண்டிப் போய்விட்டேன் போலிருக்கிறது. இன்றைக்கு ராத்திரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறேன்.

---

கடற்கரைப்பள்ளி

எனக்குப் பிடித்த பகுதி அரசியல் இல்லை, முகத்திமாவின் தொடக்கப் பக்கங்கள்தான். பழைய வரலாற்றாசிரியர்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்கிறார். மூஸா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் என்று மஸ்ஊதி எழுதியதை எடுத்துக்கொண்டு, யஃகூப் நபி எகிப்துக்கு வந்தபோது எழுபது பேர், நடுவில் நாலே தலைமுறை, எப்படி ஆறு லட்சம் ஆவார்கள் என்கிறார். அவ்வளவு பேரை ஒரு களத்தில் நிறுத்தினால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியுமா என்கிறார். இன்றைய ஃபார்வர்ட்களுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

நம்ம பக்கம் ஒரு தொடர்பும் இருக்கிறது. ஊர் சுற்றிய பயணி இப்னு பதூதா மதுரை சுல்தான் தாமகானியின் அரசவைக்கு வந்தவர் என்பது பலருக்குத் தெரியும். பதூதாவுக்கும் அந்த சுல்தானுக்கும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலை உறவு. பதூதா ஊர் திரும்பி ஃபெஸ்ஸில் இந்தியக் கதைகளைச் சொன்னபோது, டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் ஊருக்குத் திரும்பினால் ஜனங்கள் மேல் காசை வாரி இறைப்பான் என்றெல்லாம் சொல்ல, அரசவையில் எல்லாரும் "புளுகுகிறான்" என்று கிசுகிசுத்தார்களாம். இளைஞர் இப்னு கல்தூனும் நம்பவில்லை. வஸீர் (அமைச்சர்) ஒருவரிடம் போய்ச் சொன்னார். வஸீர் ஒரு கதை சொன்னார்: ஓர் அமைச்சரைக் குழந்தையோடு சிறையில் போட்டார்கள். பிள்ளை அங்கேயே வளர்ந்தான். சாப்பிடும்போது இது என்ன கறி என்று கேட்டான். ஆட்டுக்கறி என்று சொல்லி, ஆடு எப்படி இருக்கும் என்று அப்பா விவரித்தார். "எலி மாதிரியா?" என்றான் பிள்ளை. சிறையில் அவன் கண்ட பிராணி எலி ஒன்றுதான். நீயும் அந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிடாதே என்றாராம் வஸீர்.

பாருங்கள், ஒரு பக்கம் ஆறு லட்சத்தை நம்பாதே என்கிறார், இன்னொரு பக்கம் நீ பார்க்காததால் பொய் என்றும் சொல்லாதே என்கிறார்.

---

மறுப்பாளன்

எலி எனக்கு விழுந்த அடி என்று எடுத்துக்கொள்கிறேன் :) ஆனால் இந்த முறையைத் தன் சொந்த வரலாற்று நூலில் அவரே ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்பது பழைய புகார். முன்னுரையில் நீதிபதி, பின்னால் வந்த தொகுதிகளில் பழையவர்கள் மாதிரியே தொகுப்பாளர்.

---

நிலாமுற்றம்

அந்தப் புகார் நியாயமானது. பெர்பர் குடிகளின் வரலாற்றுப் பகுதி மட்டும் விதிவிலக்கு, அங்கே அவர் நேரில் கண்ட உலகம்.

---

தெருக்கோடி

மாமாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. "ஆந்தை சூப்பர். ஆனால் வேலைக்கு எப்போது போகப்போகிறாய்?"

---

மறுப்பாளன்

மாமாவின் அஸபிய்யா உறுதியாக இருக்கிறது. தைமூர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

---

நிலாமுற்றம்

சொல்கிறேன். 1401 ஜனவரி. எகிப்தின் இளம் சுல்தான் ஃபரஜ், கெய்ரோவில் கலகம் என்று கேள்விப்பட்டு டமாஸ்கஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான். நகரத்துக்குள் சரணடைவதா வேண்டாமா என்று சண்டை. அப்போது இவருக்கு அறுபத்தெட்டு வயது. தன் உயிருக்குப் பயந்தும் கயிற்றில் இறங்கினார், வாழ்நாளெல்லாம் எழுதிய கோட்பாட்டின் உயிருள்ள உதாரணத்தைப் பார்க்கும் ஆசையிலும் இறங்கினார் என்றுதான் எனக்குப் படுகிறது. தைமூரிடம் அஸபிய்யாவைப் பற்றியே பேசினார், துருக்கியரின் ஒட்டுதல் எவ்வளவு பெரியது என்று. முகஸ்துதியா ஆராய்ச்சியா? இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட என்னால் முடியவில்லை. காணிக்கையாக ஒரு குர்ஆன், ஒரு தொழுகை விரிப்பு, நபிகளைப் புகழும் புர்தா கவிதைப் பிரதி ஒன்று, கெய்ரோ இனிப்பு நாலு பெட்டி. முப்பத்தைந்து நாள் அங்கே போய்வந்துகொண்டிருந்தார். பள்ளிவாசல் எரிந்ததைத் தன் வரலாற்றில் வேதனையோடு எழுதவும் செய்தார். எழுதிக்கொடுத்த விவரணை உறுத்தியிருக்க வேண்டும், கெய்ரோ திரும்பியதும் மொராக்கோ சுல்தானுக்கு நடந்ததையெல்லாம் விளக்கிக் கடிதம் போட்டார்.

விடைபெறும்போது தைமூர் கேட்டான், "உன்னிடம் கோவேறு கழுதை ஒன்று இருக்கிறதாமே, நல்ல கழுதையா?" நல்லதுதான் என்றார். "விற்கிறாயா?" உங்களைப் போன்றவருக்கு என்னைப் போன்றவன் விற்பதா, வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டு வந்தார்.

---

வரிக்காரர்

பேரரசர் காசு கொடுத்தாரா?

---

நிலாமுற்றம்

கொடுத்தார் ஐயா. பிறகு ஒரு தூதர் மூலமாகக் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தது. எதிரி அனுப்பிய பணம் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று, சுல்தானிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் கையில் தொட்டார்.